வரிசையில் எத்தனையாவது ஆள்?

2021 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. போகிக்கு முதல் நாள். அந்த வாரம் கீரனூரில் மூன்று வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் வரிசை ரேஷன் கடையில். அரிசி அட்டைக்கு 2,500 ரூபாயும் பொங்கல் தொகுப்பும் என்று அரசு அறிவித்திருந்தது. கூட்டம் சேரக் கூடாது என்பதால் டோக்கனை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். எந்தத் தேதி, காலையா மாலையா என்று அதிலேயே போட்டிருக்கும். இரண்டாவது வரிசை 'மாஸ்டர்' படத்துக்கு. மறுநாள் ரிலீஸ். தியேட்டரில் பாதி இருக்கைக்குத்தான் அனுமதி. முழுதாக நிரப்பலாம் என்று மாநில அரசு சொல்ல, மத்திய அரசு கடிதம் எழுத, மறுபடி பாதியாகியிருந்தது. அதனால் ஊர்ப் பையன்கள் எல்லாரும் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் செல்போனில் டிக்கெட் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையில் எனக்குத் தெரிந்து ஊரில் ஒரே ஆள்தான் நின்றான். அக்கா மகன். சரியாகப் பகல் 12 மணிக்கு சோனியின் பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு இந்தியாவில் திறக்கிறது. விலை 49,990 ரூபாய். பிப்ரவரி 2 அன்று விற்பனை. மாத்தூர் சிட்கோவில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பையன். அன்று லீவு போட்டுவிட்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கீழே வராண்டாவில் என் அப்பா. ஓய்வுபெற்ற வாத்தியார், எழுபத்திரண்டு வயது. 12.04க்குப் பையன் இறங்கி வந்தான்.

"என்னடா, புக் ஆயிருச்சா?"

"இல்ல தாத்தா. பணம் போயிருச்சு, ஆர்டர் விழல. ஓ.டி.பி. வர்றதுக்குள்ள அவுட் ஆஃப் ஸ்டாக் ஆயிருச்சு."

"சரி, சீரியல் நம்பர் எத்தனை குடுத்துருக்கான்?"

"நம்பரெல்லாம் கிடையாது தாத்தா."

அப்பாவுக்கு அது புரியவே இல்லை. "நம்பர் இல்லாம எப்பட்றா வெயிட்டிங் லிஸ்ட்?" என்று சாயங்காலம் வரைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

*

நம்மூரில் முன்பதிவுக்கு இருந்த சொல் அச்சாரம். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை படிந்ததும், வாங்குகிறவர் ஒரு சிறு தொகையைக் கையில் வைப்பார். அந்த நிமிடத்திலிருந்து மாடு அவருடையது. மீதிப் பணத்துக்கு ஒரு வாரமோ பத்து நாளோ தவணை. வாங்குகிறவர் பின்வாங்கினால் அச்சாரம் போய்விடும். விற்கிறவர் அதன்பிறகு கூட விலைக்கு இன்னொருவரிடம் கொடுத்தால், சந்தையில் அவர் பேச்சு எடுபடாது. இரண்டு கையையும் கட்டுகிற முடிச்சு அது. அச்சாரம் கொடுக்கும்போது மாடு கண்ணெதிரே நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் உருவாகாத ஒரு பொருளுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் பழக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. சுதந்திர இந்தியாவின் லைசென்ஸ் முறைதான் அதைச் சாதாரணக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. எந்தத் தொழிற்சாலை எத்தனை கார், எத்தனை ஸ்கூட்டர் செய்யலாம் என்று அரசு எண்ணிக்கை போட்டுக் கொடுத்த காலம். கார்களுக்கு 1959லும், ஸ்கூட்டர்களுக்கு 1960லும் விநியோகக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்தன. ஸ்கூட்டர் வேண்டுமென்றால் தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கு தொடங்கி, குறிப்பிட்ட தொகையைப் போட்டு, அந்தப் பாஸ்புக்கை டீலர் பெயருக்குப் பிணையாக எழுதிக் கொடுக்க வேண்டும். டீலர் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றி ஒரு வரிசை எண் கொடுப்பார். அதன்பிறகு வீட்டுக்கு வந்து வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

பஜாஜ் நிறுவனம் இத்தாலியின் பியாஜியோவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. மறுவருடம் 'சேத்தக்' வந்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயர் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. 'சேட்டக்' என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில் அதற்கான காத்திருப்பு பல ஊர்களில் பத்து வருடத்தைத் தொட்டது. ஸ்கூட்டர் வாங்குவதைவிட ஸ்கூட்டர் புக் செய்வது ஒரு தனிச் சடங்காகிவிட்டது. பையன் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே புக் செய்துவிடுவார்கள், கல்யாணத்துக்குள் வந்துவிடும் என்ற கணக்கில். அலாட்மென்ட் கடிதம் கைக்கு வந்த அன்றே அதற்கு ஒரு விலை உண்டு. வண்டி விலைக்கு மேல் பிரீமியம் கொடுத்து எடுத்துக்கொள்ள ஆள் தயாராக இருக்கும். அன்னியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டி முன்னால் போகலாம் என்ற வழியும் இருந்தது. சிங்கப்பூரிலோ மலேயாவிலோ சொந்தக்காரர் உள்ள புதுக்கோட்டைச் சீமைக் குடும்பங்களுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். அது இல்லாதவர்களுக்கு நம்பர்தான்.

அனுமதித்த அளவுக்கு மேல் ஸ்கூட்டர் உற்பத்தி செய்ததற்காகச் சிறைக்குப் போகவும் தயார் என்று அந்தக் காலத்தில் சொன்னதாக ராகுல் பஜாஜ் பின்னாட்களில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். நியாயமான பேச்சுதான். ஆனால், பத்து வருடத்துக்கான வாடிக்கையாளர்கள் முன்பணத்தோடு வரிசையில் நிற்கும்போது, விளம்பரமோ புதிய மாடலோ ஒரு கம்பெனிக்கு எதற்கு என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தப் புகழ்பெற்ற 'ஹமாரா பஜாஜ்' விளம்பரமே 1989இல்தான் வருகிறது. போட்டிக்கு ஆள் வந்த பிறகு.

அப்பா 1977இல் திருச்சியில் ஒரு டீலரிடம் பதிந்தார். அப்போது ஊரிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. சைக்கிளில்தான் போய்வந்தார். அவருடைய நம்பர் 11,482. எங்கள் வீட்டு ரேஷன் கார்டு நம்பர்கூட அவருக்கு மனப்பாடம் கிடையாது. இது தெரியும். திருச்சிக்குப் போகும்போதெல்லாம், அது கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, டீலர் கடையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வருவார். அங்கே ஒரு கரும்பலகையில் அன்றைய தேதிக்கு எதுவரை வண்டி கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருப்பார்களாம். 6,200. அடுத்த முறை 6,900. வீட்டுக்கு வந்து சொல்லுவார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே ரசத்துக்குத் தாளிப்பார். நான் வாய்ப்பாடு படித்த காலத்தில் கழித்தல் கணக்குக்கு எங்கள் வீட்டு உதாரணம் அதுதான்: பதினோராயிரத்து நானூற்றி எண்பத்திரண்டிலிருந்து பலகை எண்ணைக் கழி.

1985இல் நம்பர் வந்தது. அதே வருடம் அத்தைக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டார்கள். "உங்க அண்ணன் பேர்ல அலாட்மென்ட் வந்துருக்காமே" என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்கள். வரதட்சணைப் பேச்சில் ஸ்கூட்டர் என்பது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. புதிதாகப் புக் செய்து கொடுக்க முடியாது என்பதால், கையில் அலாட்மென்ட் உள்ள வீட்டுப் பெண்ணுக்கு மதிப்பு கூடும். அப்பா டெலிவரி எடுத்து, திருச்சியிலிருந்து கீரனூர் வரை அந்த முப்பது கிலோமீட்டர் தூரத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். விமான நிலையத்தைத் தாண்டி, மாத்தூரைத் தாண்டி, புதுக்கோட்டை ரோட்டில். எட்டு வருடம் காத்திருந்து அவர் ஓட்டியது அவ்வளவுதான். மறு வாரம் பெயர் மாற்றக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1980இலேயே ஓசூரிலிருந்து வர ஆரம்பித்துவிட்ட வண்டி. பணத்தைக் கட்டினால் எடுத்துக்கொண்டு வரலாம். ஆனாலும் ஸ்கூட்டர் நம்பர் ஓடிக்கொண்டிருந்ததால் அதை வாங்காமலே இருந்திருக்கிறார். காத்திருப்பு ஒரு சேமிப்பு மாதிரி. நடுவில் உடைக்க மனசு வராது.

*

ஸ்கூட்டர் ஒன்றுதான் என்றில்லை. டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுத் தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இன்னொரு காத்திருப்பு. சாதாரணம், அர்ஜென்ட், லைட்னிங் என்று காசுக்கேற்ற வேகம். நேரடியாக எண்ணைச் சுழற்றும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதலில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே 1960இல் வந்துவிட்டது. சிற்றூர்களுக்கு அது வந்துசேர எத்தனை காலம் பிடித்தது என்பதை மஞ்சள் போர்டு பூத்துகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வீட்டுக்குத் தொலைபேசி வேண்டும் என்றால் அது தனி வரிசை. எண்பதுகளில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம்.ஸ்டீபன், தொலைபேசி ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக்கொள்ள வருடக்கணக்கில் ஆள் காத்திருக்கிறது என்ற பொருளில் பேசியதாக இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். கேஸ் இணைப்புக்கு எம்.பி. கோட்டா இருந்தது. கூப்பன் வாங்க எம்.பி. வீட்டு வாசலில் நிற்பதும் ஒரு வரிசைதான். நம்பர் இல்லாத வரிசை.

1983இல் மாருதி முன்பதிவு. 10,000 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டே மாதத்தில் சுமார் 1.35 லட்சம் பேர் கட்டினார்கள். அதற்கு முந்தைய வருடங்களில் இந்தியா முழுக்க ஒரு வருடத்தில் விற்ற மொத்தக் கார்களைவிட இது பல மடங்கு. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. அந்த டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை ஓர் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியரிடம் கொடுத்தார். இருபத்தாறு வருடம் கழித்து 2009 ஏப்ரலில் நானோவுக்கும் அதேபோல் நடந்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள், முதல் ஒரு லட்சம் பேரைக் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கார் 2018இல் நின்றுபோனது வேறு கதை.

நடுவில் 1991 வந்து லைசென்ஸ் முறையைப் பெரும்பாலும் துடைத்துவிட்டது. அதற்கு முன்பே இண்ட்-சுசூகி, ஹீரோ ஹோண்டா, கவாசாகி பஜாஜ் என்று வண்டிகள் இறங்கி ஸ்கூட்டர் பதிவேடுகளைக் காலி செய்திருந்தன. காத்திருத்தல் என்பது பழைய சினிமா மாதிரி ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

*

மாருதி முன்பதிவு நடந்த அதே 1983இல், ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ 'ஃபாமிகாம்' என்ற விளையாட்டுப் பெட்டியை 14,800 யென்னுக்கு வெளியிட்டது. கீரனூருக்கு அது பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, தன் பெயரே இல்லாமல், நகலின் நகலாக வந்தது. திருச்சி பர்மா பஜாரில் 'சைனா செட்டு' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மஞ்சள் கேசட்டில் ஆயிரக்கணக்கான கேம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது பத்துப் பதினைந்து, மீதியெல்லாம் அவையே திரும்பத் திரும்ப. கடைத்தெருவில் ஒரு வாடகை வீடியோ கடைக்காரர் பின்னறையில் இரண்டு டி.வி. போட்டு அரை மணிக்கு இவ்வளவு என்று விட்டிருந்தார். மேரியோவும் கான்ட்ராவும் ஆடிய எங்களில் ஒருவருக்கும் நின்டெண்டோ என்ற பெயர் தெரியாது. அந்தப் பின்னறையிலும் வரிசை உண்டு. ஸ்லேட்டில் பெயரெழுதி வைப்பார். நகலுக்கு முன்பதிவு எதற்கு? நகல் எப்போதும் கையிருப்பில் இருக்கும். அசலுக்குத்தான் தட்டுப்பாடு.

ஜப்பானில் அந்த அசல் தட்டுப்பாடு வேறு விதமாக வளர்ந்தது. 1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, 'டிராகன் குவெஸ்ட் 3' வெளியானபோது பள்ளிக்கூடத்தை மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் போலீஸிடம் மாட்டினார்கள். இந்தத் தொடரை வேலை நாளில் வெளியிடக் கூடாது என்று ஜப்பானில் சட்டமே போட்டுவிட்டார்கள் என்பது உலகமெங்கும் சுற்றும் கட்டுக்கதை. கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே விடுமுறை நாட்களுக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2000 மார்ச் 4 அன்று பிளேஸ்டேஷன் 2 வந்தபோது முன்பதிவுக்குத் திறந்த இணையதளம் கூட்டம் தாங்காமல் திணறியது. முதல் இரண்டு நாளில் விற்ற பெட்டிகள் பத்து லட்சத்தை நெருங்கின. கடை வாசலில் இரவெல்லாம் போர்வையோடு படுத்துக் கிடக்கும் வரிசையும், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத வரிசையும் கொஞ்ச காலம் சேர்ந்தே ஓடின. கொரோனா முதலாவதை முடித்துவைத்தது. 2020 நவம்பரில் பி.எஸ்.5 வெளியான நாளில் ஜப்பானில் கடையில் நேரடி விற்பனையே கிடையாது என்று சோனி அறிவித்துவிட்டது.

அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரில், அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. முன்பதிவு 17ஆம் தேதி என்று சோனி சொல்ல, சில பெரிய கடைகள் 16ஆம் தேதி மாலையே திறந்துவிட்டன. ஒருவர் திறந்தால் மற்றவர் சும்மா இருப்பாரா? விடிவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. சொன்ன தேதியை நம்பித் தூங்கப் போனவர்களுக்கு ஒன்றுமில்லை. சோனி சில நாள் கழித்து, இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கலாம் என்று வருத்தம் தெரிவித்தது. நிமிடத்துக்கு நூறு முறை 'வாங்கு' பொத்தானை அழுத்தும் நிரல்களை வைத்து அள்ளியவர்கள் மறுநாளே இரண்டு மடங்கு விலைக்கு ஏலத்தில் போட்டார்கள். சினிமா தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்திருக்கிறேன். தியேட்டர் ஆளின் முகமாவது நமக்குத் தெரியும்.

இந்தியா அந்த முதல் பட்டியலிலேயே இல்லை. பி.எஸ்.5 உலகின் பெரும்பகுதிக்கு நவம்பர் 12, 19 தேதிகளில் போய்விட்டது. டில்லிக்காரர் ஒருவர் சோனிக்கு முந்திக்கொண்டு அந்தப் பெயருக்கு வணிகச் சின்ன விண்ணப்பம் போட்டிருந்த சிக்கல் ஒன்றும் இருந்தது, பிறகு அவர் விலக்கிக்கொண்டார். தாமதத்துக்கு அதுதான் காரணமா, சரக்கே இல்லையா என்று சோனி விளக்கவில்லை. புத்தாண்டு நாளில் தேதி மட்டும் அறிவித்தார்கள். இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. பி.எஸ்.3 இங்கே வர 2007 ஏப்ரல் ஆனது, பி.எஸ்.4 2014 ஜனவரியில். இரண்டுக்கும் விலை 39,990. பி.எஸ்.5இல் அது பத்தாயிரம் கூடியது. விளையாட்டுப் பெட்டிக்கு அப்போது ஜி.எஸ்.டி. 28 சதவீதம்.

*

இந்த 49,990 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அக்கா ஒரு ஏலச்சீட்டில் இருந்தாள். தெருவுக்குள் நடக்கிற சீட்டு, அறுபதாயிரம், இருபது பேர். மகன் மாதாமாதம் கட்டிவிடுகிறேன் என்றதால், டிசம்பர் மாதமே ஒன்பதாயிரம் தள்ளிச் சீட்டை எடுத்தாள். கையில் வந்தது 51,000. அவன் அப்பா போன பிறகு பையன் வாய் திறந்து கேட்ட முதல் பொருள் என்பது அவள் கணக்கு. ஒரு கேம் பெட்டிக்குச் சீட்டைத் தள்ளுகிறாளே என்று தெருவில் பேசினார்கள். நானும் பேசினேன்.

ஜனவரி 12இல் போன பணம் ஐந்து நாளில் திரும்பி வந்தது. பிறகு அவ்வப்போது, மாதத்துக்கொரு முறையோ இரண்டு மாதத்துக்கொரு முறையோ, திடீரென்று சரக்கு வரும். பகல் பன்னிரண்டு மணி. இரண்டு மூன்று நிமிடம். முடிந்தது. எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. திருச்சி டீலர் கடையின் கரும்பலகை மாதிரி ஒன்று எங்கேயும் தொங்கவில்லை. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அவனுக்கு ஆர்டர் விழுந்தது. தெருவில் மிட்டாய் கொடுக்காத குறை. பதினொரு நாள் கழித்து, இந்தப் பின்கோடுக்கு அனுப்ப இயலவில்லை, ஆர்டர் ரத்து என்று ஒரு மின்னஞ்சல். எந்தக் கடை என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. விதிமுறையைப் படித்துப் பார்த்தேன். பொருள் கிடங்கை விட்டுக் கிளம்பும்போதுதான் ஒப்பந்தம் உண்டாகிறதாம். அதுவரை நாம் செய்தது வெறும் விருப்பம் தெரிவித்தல். முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத் தெரிவிக்கும் விருப்பம். மாட்டுச் சந்தையில் இப்படி ஒரு ஏற்பாட்டைச் சொன்னால் அடிப்பார்கள்.

பின்கோடு என்றதும் ஒன்று. கீரனூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் பல ஊர்கள். இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்த கீரனூர், ஜாகிர்ராஜாவின் கீரனூர், பழனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்களுடையது குளத்தூர் தாலுகா. தாலுகாவின் பெயர் குளத்தூர், தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில். இந்தக் குழப்பங்களையெல்லாம் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 முதல் ஆறு இலக்க எண் வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற தபால் துறை அதிகாரி, சமஸ்கிருதக் கவிஞரும்கூட, வடிவமைத்தது. எங்களுக்கு 622502. ஒரே பெயருள்ள ஊர்களிலிருந்து ஓர் ஊரைப் பிரித்துக் கண்டுபிடித்துக் கடிதம் சேர்க்க உருவான எண், ஐம்பது வருடம் கழித்து, யாருக்கு அனுப்ப வேண்டாம் என்று சலிக்கவும் பயன்படுகிறது.

2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று நொய்டாவிலிருந்து ஒரு கம்பெனி முன்பதிவு திறந்தது நினைவிருக்கலாம். கோடிக்கணக்கில் பெயர் பதிந்தார்கள் என்றார்கள். தளம் படுத்துவிட்டது. பணம் கட்டியவர்கள் முப்பதாயிரம் பேர். மறு வருடம் அதன் நிர்வாகி வேறொரு புகாரில் கைதானார். அந்தப் போன் விஷயத்தில் ஏமாந்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். "இருநூத்தி அம்பத்தியொண்ணுதானே" என்று சிரித்துக்கொண்டார். அக்கா அப்படிச் சிரிக்க முடியாது. சீட்டுத் தவணை மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. பொருள் இல்லை. பேங்கில் சும்மா கிடந்த 51,000க்கு அவள் கொடுத்த விலை ஒன்பதாயிரம். முன்பதிவு பற்றிய செய்திகளில் இந்த ஒன்பதாயிரங்கள் எழுதப்படுவதில்லை.

சிப் தட்டுப்பாடுதான் காரணம் என்றார்கள். அது பொய்யில்லை. கார் தொழிற்சாலைகளே அந்த வருடங்களில் சிப் இல்லாமல் நின்றன. ஆனால், பெட்டி கிடைக்கிற நேரத்திலும் அதை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை. கூடவே ஒரு கேமையும் கட்டி விலையை ஏற்றி வைத்தார்கள். பஞ்ச காலத்தில் சர்க்கரை வேண்டும் என்றால் சோப்பும் வாங்கு என்ற மளிகைக் கடை வழக்கம்தான். தட்டுப்பாடு முடிந்துவிட்டது என்று 2023 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் சோனி அறிவித்தது.

கீரனூரில் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2022 நடுவில், அக்கா கணவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்தார். அங்கே கப்பல் பட்டறையில் வேலை. கடையில் கேட்டு வாங்கி, அட்டைப்பெட்டியைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் அப்போது 50,000 ரூபாய் மதிப்பு வரை சுங்கம் கட்டாமல் கொண்டுவர முடிந்தது, அதற்கு மேல் போனால் 38.5 சதவீதம் கட்ட வேண்டியிருந்தது. இதைத் திருச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குருவிகளைப் பார்த்துப் பழகிய விமான நிலையம் அது. பில்லைக் காட்டினார், விட்டுவிட்டார்கள். விமான நிலைய வாசலிலிருந்து பெட்டி வந்தது அதே புதுக்கோட்டை ரோட்டில், மாத்தூர் வழியாக. வெளிநாட்டுப் பணம் வரிசையைத் தாண்டும் என்பது 1977லும் அப்படித்தான் இருந்தது.

*

கடந்த வருடம், 2025 ஏப்ரலில், நின்டெண்டோ ஸ்விட்ச் 2 முன்பதிவுச் செய்திகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அமெரிக்காவில் ஏப்ரல் 9 என்று அறிவித்திருந்ததை டிரம்ப்பின் இறக்குமதி வரி அறிவிப்பால் 24க்குத் தள்ளிவைத்தார்கள். ஜப்பானில் நின்டெண்டோவின் சொந்தக் கடையில் குலுக்கல். அதில் பெயர் கொடுக்கவே தகுதி வேண்டும். பழைய ஸ்விட்ச்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், அவர்களுடைய இணையச் சந்தாவில் மொத்தம் ஒரு வருடமாவது இருந்திருக்க வேண்டும். பதுக்கி விற்கிறவர்களைத் தடுக்க இந்த ஏற்பாடு. அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதல் சுற்றில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காது என்று கம்பெனித் தலைவரே முன்கூட்டி மன்னிப்புக் கேட்டார். ஜூன் 5 அன்று வெளியாகி நான்கு நாளில் உலகம் முழுக்க 35 லட்சம் விற்றது.

அப்பா 50 மணி நேரக் கணக்கில் ஆர்வமாகிவிட்டார். "அதாவது, அனுபவஸ்தனுக்கு முன்னுரிமை. சரிதான். எங்களுக்கும் கவர்ன்மெண்டு சர்வெண்ட் கோட்டான்னு ஒண்ணு இருந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "மன்னிப்புக் கேட்டாரா? கம்பெனி மொதலாளியா?" என்றார்.

சேத்தக் இப்போது மின்சார வண்டியாக மறுபடி வந்திருக்கிறது. 2020 ஜனவரியில் 2,000 ரூபாய் முன்பணத்தோடு பதிவு தொடங்கினார்கள், நிறுத்தினார்கள். 2021 ஏப்ரலில் மறுபடி திறந்து 48 மணி நேரத்தில் மூடினார்கள். இப்போது கடையில் கிடைக்கிறது. போன ஆடியில் அக்கா மகன் ஒன்று வாங்கினான். திருச்சியில் டெலிவரி எடுத்தபோது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ஷோரூம் பையன் சாவியை நீட்டி, பூமாலை போட்டு, போட்டோ எடுத்தான்.

"தாத்தா, நீங்க ஓட்டிப் பாக்குறீங்களா?" என்றான் பேரன்.

"வேணாம்பா. கண்ணு தெரியல." வண்டியைச் சுற்றி வந்து, கை வைத்துப் பார்த்தார். பிறகு ஷோரூம் பையனிடம், "ஏம்பா, இதுக்கு முன்னாடி எத்தனை வண்டி குடுத்துருக்கீங்க?" என்று கேட்டார். அவன் சிஸ்டத்தில் பார்த்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனான்.